தலைதட்டிய படியும் குவித்த படியும்

தஞ்சாவூர்ப் பக்கத்து நெற்களத்தில் மரக்கால் பிடிப்பவர் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கமாட்டார். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு, நாலு. எதையும் மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். அந்த லாபம் யாருக்கு என்று மட்டும் களத்தில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகச் சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களில் நானும் ஒருவன். தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். தராசு, எடைக்கல், லிட்டர், மீட்டர் கோல் என்று அளக்கிற சாமான் எதுவானாலும் சோதித்து முத்திரை போடுவது வேலை. கடைத்தெரு முனையில் என் தலை தெரிந்தால் சில கடைகளில் சில சாமான்கள் மேசைக்கு அடியில் போய்விடும்.

வேலையில் இருந்தபோதும் சரி, இப்போது கல்யாண வீடுகளிலும் சரி, என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சார், ஒரு படின்னா எத்தனை கிலோ?” ஒரே எண்ணில் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். நானோ மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். எதைப் போட்டு அளந்த படி? எந்த ஊர்ப் படி? தலைதட்டியதா, குவித்ததா? நான் முடிப்பதற்குள் கேட்டவர் பந்திக்குப் போயிருப்பார். ஆற அமர அந்தப் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முகத்தல் அளவை இடத்தை அளக்கிறது. நிறுத்தல் அளவை பொருளை அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போவது தண்ணீரில் மட்டும்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் அரிசியைக் கொட்டினால் 800 கிராமை ஒட்டி நிற்கும். நெல்லானால் 600 கிராமைத் தொடுவதே பெரிது; உமியும், மணிக்கு மணி நடுவே காற்றும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சலித்த கோதுமை மாவு 500 கிராமைச் சுற்றி இருக்கும். தூள் உப்பு 1,200 கிராம், தேன் 1,400 கிராம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 910, 920 கிராம்.

இவையும் நிலையான எண்கள் அல்ல. அரிசியில் குறுணை கலந்திருந்தால் அது இடுக்கில் புகுந்து எடையைக் கூட்டும். கையால் அள்ளி மெதுவாக விட்டால் அரிசி பொலபொலவென்று நிற்கும். முறத்தை உயர்த்திக் கொட்டினால் அமுங்கி உட்காரும். படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் இன்னும் ஒரு கைப்பிடி உள்ளே போகும். ஒரே ஆள், ஒரே படி, ஒரே அரிசி, ஒரே நாள். ஆனாலும் வாங்கும்போது ஓர் எடை, விற்கும்போது ஓர் எடை. இதில் பொய்ப்படி எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை குவியலில் இருக்கிறது. விளிம்போடு கோலால் வழித்துவிடுவது தலைதட்டி அளப்பது. விளிம்புக்கு மேல் கோபுரமாக நிற்கும்வரை கொட்டுவது குவித்து அளப்பது. அந்தக் கோபுரத்தில் எவ்வளவு நிற்கும் என்பது படியின் கொள்ளளவைப் பொறுத்தது அல்ல, வாயின் அகலத்தைப் பொறுத்தது. வாய் இரண்டு மடங்கு அகன்றால் மேலே நிற்கும் கூம்பு எட்டு மடங்காகும். எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் சொல்வார்: அந்தக் காலத்தில் ஒரு மண்டியில் இரண்டு படிகள் இருந்தனவாம். ஒன்று குட்டையாக, வாய் அகன்று. மற்றது நெட்டையாக, வாய் ஒடுங்கி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டும் சொட்டு மாறாமல் ஒரே அளவு. இரண்டிலும் முத்திரையும் உண்டு. குடியானவனிடம் வாங்குவது குட்டைப் படியில், கடைக்கு வந்தவனுக்குக் கொடுப்பது நெட்டைப் படியில். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அவர் ஒன்றும் செய்யமுடியாமல் திரும்பி வந்தாராம். கணக்குத் தெரிந்த திருடன் அந்த மண்டிக்காரன்.

இந்தத் தகராறு நம் நாட்டில் மிகப் பழையது. பல்லவர் காலக் கல்வெட்டுகளில் அளவைகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ‘விடேல்விடுகு உழக்கு’ என்று ஒன்று. விடேல்விடுகு அரசனின் விருதுப்பெயர். ‘பிழையா நாழி’ என்று இன்னொன்று. பிழையாத நாழி என்று அடையாளம் சொல்ல வேண்டியிருந்தால், பிழைத்த நாழிகளும் பக்கத்திலேயே புழங்கியிருக்கும். என் புத்தி அப்படித்தான் போகும். உத்தியோகம் அப்படி.

சோழர்கள் சாமியையே சாட்சிக்கு நிறுத்தினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் கொடுத்த பொன்னை நிறுத்தது ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால். நகைகளை நிறுத்தது ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றுதான் பெயர். அது இராசகேசரி என்ற அரச மரக்காலோடு ஒத்தது என்றும் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த நாட்டில், இன்ன மரக்கால் என்று பெயர் சொல்லாமல் நெற்கணக்கு எழுதினால் செல்லாது என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது எடைக்கல்லில் நாங்கள் போடும் முத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றிக் கணக்கிடுவதிலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்ல. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அதற்கு ஈடாக இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் அது சாவா மூவாப் பேராடு. ஆட்டை எண்ணிக் கொடுத்து நெய்யை முகந்து வாங்கும் இந்த ஏற்பாட்டில் தராசுக்கு வேலையே இல்லை.

நெல்லை அரிசியாக்கும் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோயில் அமுதுபடிக்கு நெல் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட ‘ஐஞ்சிரண்டு’ என்று ஒரு விகிதம் வைத்திருந்தார்கள். ஐந்து நாழி நெல் கொடுத்தால் இரண்டு நாழி அரிசி வர வேண்டும். முதலில் பார்த்தபோது எனக்கு இது மோசமான கணக்காகப் பட்டது; பாதிகூட வரவில்லையே! பிறகு எடைக்கு மாற்றிப் பார்த்தேன். நாழி எந்த அளவாக இருந்தாலும் விகிதம் மாறாது என்பதால் லிட்டரிலேயே போடலாம். 5 லிட்டர் நெல் லிட்டருக்கு 570 கிராம் வீதம் 2,850 கிராம். 2 லிட்டர் அரிசி 1,600 கிராம். எடைக்கு எடை 56 விழுக்காடு தேறுகிறது. இந்திய உணவுக் கழகம் இன்றைய ஆலைகளிடம் எதிர்பார்ப்பது பச்சரிசிக்கு 67, புழுங்கலுக்கு 68 விழுக்காடு. உரலும் உலக்கையும் வைத்துக் கைக்குத்தல் குத்திய காலத்தில், நொய்யும் தவிடும் போக 56 என்றால் அது யாரையும் ஏய்க்கிற கணக்கும் அல்ல, யாருக்கும் அள்ளிக் கொடுக்கிற கணக்கும் அல்ல. கிராமங்களில் நம் பாட்டிகள் சொல்லும் ‘ரெண்டு மரக்கா நெல்லுக்கு ஒரு மரக்கா அரிசி’ என்ற கணக்கை எடைக்கு மாற்றினால் 70-ஐ ஒட்டி வரும். ஆலையின் கணக்கும் பாட்டியின் கணக்கும் அருகருகே நிற்கின்றன. ஐஞ்சிரண்டு என்பது கோயில் தன் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எழுதிக்கொண்ட கணக்கு.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் இன்னொரு வழியில் போகிறது. அதில் அளவை நெல்மணியிலிருந்து தொடங்குகிறது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல். மேலே போனால் 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி பதக்கு, 2 பதக்கு தூணி, 3 தூணி கலம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நெல்லிலக்கம் என்று இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆயிரம் நெல்மணி இன்று 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். அப்படியானால் கணக்கதிகாரத்து நாழியில் இருந்தது 300 கிராமுக்குச் சற்று மேல்தான். பிற்காலத்தில் சென்னையில் படி என்று புழங்கியதில் ஏறக்குறைய ஒரு கிலோ நெல் பிடிக்கும். நாழிதான் படி, படிதான் நாழி என்று அகராதி சொல்லும்; பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் ஒன்றுக்குள் மற்றது மூன்று முறை கொட்டும்.

ஊருக்கு ஊர் என்ன புழங்கியது என்று எழுதப் போனால் முடிவே இராது. கொங்கில் வள்ளம். திருநெல்வேலிப் பக்கம் 21 மரக்கால் கொண்ட கோட்டை. தஞ்சையில் 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. கிலோவில் அறுபதுக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் டெல்டாவில் இன்றும் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று சொன்னால் அறுபது கிலோவை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

கம்பெனிக்காரன் வந்தபோது அவனுக்கு இது தலைவலியாக இருந்தது. அவன் கப்பலில் ஏற்றுவது எடைக்கணக்கில். இங்கே நெல் வருவது மரக்கால் கணக்கில். சென்னையில் மரக்காலை 750 கன அங்குலம் என்று வைத்துக்கொண்டு, 400 மரக்காலை ஒரு கரிசை என்று எழுதினார்கள். எடையில் வேறொரு குழப்பம். இங்கே புளி, வெல்லம், வெண்ணெய் எல்லாம் பலத்திலும் வீசையிலும் நடந்தன. 3 தோலா ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. ஆக நம் சேர் 24 தோலா, இன்றைய 280 கிராம். வடக்கே சேர் என்றால் 80 தோலா, 933 கிராம். நம் மணங்கு 25 பவுண்டை ஒட்டியது. வடக்கத்தி மணங்கு 82 பவுண்டுக்கு மேல். ரயில் வந்து இரண்டு பக்கத்துச் சரக்கும் ஒரே கிடங்கில் இறங்கியபோது, பெயர் ஒன்று, எடை மூன்று மடங்கு வேறு.

1833இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. தோலாவை 180 கிரெயின் என்று நிர்ணயித்து, வெள்ளி ரூபாயையும் அதே எடையில் அடித்தார்கள். பிறகு ஒவ்வொருவர் மடியிலும் ஓர் எடைக்கல் இருந்தது. 24 ரூபாய் எடை ஒரு சேர் என்று கிழவிகள்கூடச் சொன்னார்கள். தட்டான் கடையில் மட்டும் அல்ல, வெண்ணெய்க்காரியின் தராசிலும் ரூபாய் உட்கார்ந்தது.

அந்த ரூபாய் எடையைக் கொண்டுதான் படியையும் எடையோடு கட்டினார்கள். பட்டணம் படியில் இரண்டாம் தர அரிசியைத் தலைதட்டி அளந்தால் 120 தோலா. குவித்தால் 132 தோலா. வீசையும் 120 தோலாதான். ஒரு படி அரிசி ஒரு வீசை! 120 தோலா கிலோவில் 1.4, 132 தோலா 1.54. ஐரோப்பியன் தண்ணீரை வைத்து முகத்தலையும் நிறுத்தலையும் இணைத்தான். நாம் அரிசியை வைத்து இணைத்தோம். சந்தையில் அளந்து விற்கிற சரக்கில் முக்கால்வாசி தானியமாக இருக்கும்போது தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் கட்சி இதில் அரிசிப் பக்கம். ஆனால் அரிசியில் ஒரு கோளாறு: தண்ணீரைக் குவிக்க முடியாது, அரிசியைக் குவிக்கலாம். அந்த 12 தோலா, அதாவது நான்கு பலம், படிக்குப் படி யார் கையில் நின்றது என்பதுதான் தமிழ்நாட்டு அரிசி வியாபாரத்தின் பாதிச் சரித்திரம்.

பொருள் மாறினால் படிக்குப் படி என்பதும் பொய்த்துவிடும். சங்க காலத்து உமணர்களே உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். நான் வேலை பார்த்த ஊர்களிலும் களத்துமேட்டில் நெல்லைப் போட்டு உப்பு வாங்கியதைச் சொன்ன பெரியவர்கள் உண்டு. கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. அளவுக்கு அளவு மாற்றினால் உப்புக்காரர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடையைக் கொடுத்துவிட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு போவார். அவருக்கு நட்டம் இல்லை. இருவருக்கும் அது எடையாகவே தெரியவில்லை.

தண்ணீரை வைத்து இணைக்கும் முயற்சி நாம் நினைப்பதைவிட முன்பே வந்துவிட்டது. 1871இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி சேர் என்பது ஒரு கிலோகிராம். முகத்தல் அளவு என்பது ஒரு சேர் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம், அதாவது லிட்டர். நாமத்தை மாற்றாமல் உள்ளே மெட்ரிக்கை வைத்த கெட்டிக்காரத்தனம். அடுத்த ஆண்டு மேயோ அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டார். சட்டம் ஏட்டில் கிடந்தது. 1939இல் எடைகளுக்கு மட்டும் ஒரு மத்திய சட்டம் வந்தது. படியை அது தொடவில்லை. கடைசியில் 1956 டிசம்பரில் இன்றைய முறைக்கான சட்டம். 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் சில இடங்களில் கிலோ, 1962 ஏப்ரலுக்குப் பிறகு பழைய எடை நாடு முழுக்கச் செல்லாது.

சட்டம் சொன்னது அது. ஜனங்கள் சொன்னது வேறு. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சுவர் முழுக்க எழுதினார்கள். கிலோ கட்டாயமாகி ஐந்து ஆண்டு ஆன பிறகு! ரூபாய்க்கு நாலரைக் கிலோ என்று எழுதியிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்? அண்ணா முதலமைச்சரானார், அந்த ஆண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது. கடல் தாண்டி இலங்கையில் 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க இரண்டு கொத்து அரிசி தருவதாகச் சொன்னார், நிலவிலிருந்து கொண்டுவந்தாவது. கொத்தும் முகத்தல் அளவைதான்.

இரண்டுக்கும் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு வருகிறது. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்பதுதான் அந்தத் தகராறைப் பற்றி இன்றும் சொல்லப்படுவது. கூலி அளக்கும் மரக்காலும் குத்தகை வாங்கும் மரக்காலும் ஒன்றா என்ற கேள்வி அந்த மாவட்டத்தில் கணக்குக் கேள்வியாக இருந்ததே இல்லை. அடுத்த ஆண்டு கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தபோது அதில் நெற்கூலி லிட்டரில் எழுதப்பட்டது. தானியத்தை எடையில்தான் விற்க வேண்டும் என்று கடைக்காரனிடம் எங்கள் துறை சொல்லிக்கொண்டிருந்த காலம்; கூலியைப் பாத்திரத்தில் அளக்கச் சொன்னது அந்தச் சட்டம். முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். களத்தில் நின்றுகொண்டிருக்கும் பெண் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடியது பாத்திரம் ஒன்றுதான். பண்ணையாரின் தராசை அவள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் கடை மேசைமேல் தராசும் மேசைக்கு அடியில் படியும் இருந்தன. கேட்டால், “வீட்டுக்குங்க” என்பார்கள். பறிமுதல் செய்து பட்டறையில் நசுக்கிய இரும்புப் படிகளை நினைத்து இப்போது வருந்துகிறேனா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. ஊருக்கு ஒரு படி இருந்த காலத்தில் ஏமாந்தது எப்போதும் தலையில் கூடை வைத்து வந்தவர்தான். பித்தளைப் படியைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தில் நிறைநாழி வையுங்கள். அரிசியைத் தராசில் வாங்குங்கள். வழியில் அவித்த கடலையும் நாவற்பழமும் ஆழாக்கில் விற்பவரைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சமையற்கட்டு மட்டும் இந்தச் சட்டங்களுக்குள் வரவில்லை, வரவும் தேவையில்லை. நான்கு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து, ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று இரு பக்கமும் ஒரே பாத்திரம் இருக்கும்வரை அது படியா டம்ளரா என்பது பொருட்டே இல்லை. வம்பு வருவது ஒரு பக்கம் பாத்திரமும் மறு பக்கம் எடையும் வரும்போதுதான். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வந்தது. கிலோச் சட்டத்துக்கு ஐந்து ஆண்டு முந்தையது. பாட்டி வைத்திருந்த பழைய பிரதியைப் பார்த்து மைசூர்பாகு கிளறுகிறவர்கள் ஆழாக்கு மாவையும் சர்க்கரையையும் ஒரே கிராமாகப் போட்டால் கட்டியாகவோ கூழாகவோ வரும். மாவு லேசு, சர்க்கரை கனம். ஆழாக்கு என்று போட்டிருந்தால் ஆழாக்கிலேயே அளந்துகொள்வது உத்தமம்.

தராசு வந்ததும் தகராறு தீர்ந்ததா? இடம் மாறியது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இப்போது 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். அங்கே பேச்சு குவியலைப் பற்றி அல்ல, ஈரப்பதத்தைப் பற்றி. வரம்பு 17 விழுக்காடு. மழை பிடித்துக்கொண்டால் தளர்த்தச் சொல்லி ஆண்டுதோறும் டில்லிக்கு மனு. மரக்காலில் அளந்தபோது ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தராசில் தண்ணீரும் நெல்லாக நிற்கிறது. அதனால் ஈரமானியை ஒருவர் நெல்லுக்குள் விட்டு எண்ணைப் படிக்க, விவசாயி அவர் முகத்தைப் படிக்கிறார்.

பாலில் இன்னொரு கதை. மாட்டுக்காரர் கணக்கு லிட்டர், பண்ணைத் தராசின் கணக்கு கிலோ. பால் தண்ணீரைவிடக் கனம், லிட்டர் 1.03 கிலோ. 100 கிலோ பால் 97 லிட்டர்தான். இந்த வகுத்தலைச் செய்யாமல் விட்டால் நூற்றுக்கு மூன்று யாருடைய பாக்கெட்டுக்கோ போகும். லாக்டோமீட்டர் இந்தக் கனத்தைத்தான் பார்க்கிறது. அதையும் ஏமாற்றலாம்: ஏட்டை எடுத்தால் பால் கனக்கும், தண்ணீர் விட்டால் லேசாகும், இரண்டையும் அளவாகச் செய்தால் மானி பழைய இடத்திலேயே நிற்கும். கொழுப்பைத் தனியாகச் சோதிப்பது அதற்காகத்தான். கடைக்கு வரும்போது பால் மில்லிலிட்டரில், தயிர் கிராமில். ஒரே பால் உறை ஊற்றியதும் முகத்தலிலிருந்து நிறுத்தலுக்கு மாறிவிடுகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

எண்ணெயைச் சட்டம் இரண்டு பக்கமும் விட்டுவைத்தது: எடையிலும் விற்கலாம், கொள்ளளவிலும் விற்கலாம். சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில கம்பெனிகள் பாக்கெட்டில் லிட்டரைப் போட்டு, பக்கத்தில் 60 டிகிரியில் என்று குறிப்பும் போட்டன. எந்த வீட்டு அலமாரியில் 60 டிகிரி இருக்கிறது? லிட்டருக்கு 26 கிராம் அப்படியே குறைந்தது. வாய் ஒடுங்கிய படி வைத்திருந்த மண்டிக்காரரை எனக்கு உடனே நினைவு வந்தது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை போடக்கூடாது, கொள்ளளவோடு எடையையும் சரியாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தது.

ஆகவே கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழைய முத்திரை ஆய்வாளனின் வேண்டுகோள். எண்ணெய்ப் பையில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் கிராமைப் படியுங்கள். லிட்டர் பை என்றால் அது 910-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதே உருவத்தில், அதே அலமாரியில், 850 கிராம், 800 கிராம் என்று போட்ட பைகளையும் பார்க்கிறேன். எழுதியிருப்பதால் அவை சட்டப்படி சரி. விலையைக் கிராமால் வகுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். முத்திரை ஆய்வாளருக்குப் போன் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.